மூணாம் நம்பர் சீட்டு

என்னங்க,

எல்லாரும் சௌக்கியம்னு எழுத உட்கார்ந்தேன், கை வரமாட்டேங்குது.

நம்ம ராணுவ ஆஸ்பத்திரியில முன்னெல்லாம் அதிகாரிக்குத்தான் முதல் ஆபரேஷன். சிப்பாய் காத்துக் கிடந்தே செத்துப்போவான். பதவியைப் பார்க்காதே, காயத்தைப் பாருன்னு நீங்கதான் மேலிடத்தோட மல்லுக்கட்டி மாத்தினீங்க. என் வார்டுல சாவு பாதியா குறைஞ்சுது.

இன்னிக்கு நம்ம பையனை அதிகாரி உடுப்போட தூக்கிட்டு வந்தாங்க. தொடையில குண்டு. அவன் பக்கத்துல வயிறு கிழிஞ்ச சிப்பாய்ங்க ரெண்டு பேர். "உங்க பையனை முதல்ல எடுத்துடட்டுமா, சிஸ்டர்?"னு டாக்டர் கேட்டார். நான் ஆபரேஷன் வரிசையில மூணாம் நம்பர் சீட்டை அவன் சட்டையில கட்டினேன்.

அவன் அம்மான்னு கூப்பிடலை. மத்தவங்க மாதிரி, "சிஸ்டர், தண்ணி"ன்னான்.

சிப்பாய்ங்க ரெண்டு பேரும் பிழைச்சுட்டாங்க. காத்திருந்ததுல இவன் காலை எடுக்கணுமாம். அந்த ஆபரேஷனுக்கு டாக்டர் கூட நிக்க நான்தான் போறேன்.

நீங்க கொண்டுவந்த முறை சரிதாங்க. இன்னிக்கு மட்டும் அதை என்கிட்ட சொல்லிடாதீங்க.

அவனோட அம்மா