தனியாகச் செய்யத் தெரிந்த ஒரு வேலை

செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அண்ணியைக் கேட்டால், "அவரு சொன்னா கேட்கிற ஆளா" என்கிறார். சாமி கும்பிடும்போது உங்கள் முழங்காலையும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். போனில் பேசினால் நீங்கள் சத்தம் போடுவீர்கள், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுபோகும். என் பெண் குட்டியிடமே ஒட்டிக் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பள்ளிக்கூடப் பயிற்சி என்று அவள் வர ஆரம்பித்து நாற்பத்தெட்டு நாள் ஆகிறது. அறுபது முடிந்தால் சான்றிதழ். இந்த வருடம் பள்ளியில் புதிதாக ஒரு மதிப்பீட்டுப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி டீச்சர் கூட்டத்தில் சொன்னார்: "எல்லாக் கடையும் எல்லாருக்கும் முழு மார்க் போடுது. வேலைக்குப் போய் நின்னா பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியல. அதனால இந்தத் தடவை பெத்தவங்களையும் கேட்கிறோம்."

கடைசிப் பக்கம் எங்களுக்கு. கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் பிள்ளை யார் துணையும் இல்லாமல் செய்யக்கூடிய வேலை என்ன? அதற்குக் கீழே, கடையில் எழுதிய மணிக்கணக்கு சரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

குட்டியைக் கேட்டேன். "கண்ணாடி துடைப்பேம்மா. பில் போடுவேன்" என்றாள்.

தினம் ஏழு மணி நேரம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத்தான் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைக்கும் வியாதி உண்டே. நாற்பத்தெட்டில் முப்பத்தொரு நாள், பத்து மணிக்குக் கடைக்கு வந்தவள் மூன்று மணிக்கு முன்னால் வீட்டில். லென்ஸ் தேய்க்கும் மிஷினைத் தொட்டது மூன்றே நாள். அவளோடு பயிற்சிக்கு வந்த இன்னொரு பெண், நெட்டச்சி என்று கூப்பிடுகிறீர்களே, அது தனியாகவே லென்ஸைத் தேய்த்து பிரேமில் மாட்டிவிடுகிறதாம்.

படிவம் பத்தாம் தேதிக்குள் போக வேண்டும். என்ன எழுதட்டும், சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை


செப்டம்பர் 5

தங்கச்சிக்கு,

முழங்கால் பரவாயில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு நெஞ்சுதான் வலிக்கிறது. பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பினாயா, என் கடையை வேவு பார்க்க அனுப்பினாயா?

முதல் நாள் கடை வாசலில் நின்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அண்ணா, பூஞ்சை உடம்பு. மிஷின்கிட்ட விடாதீங்க. கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடி பஸ் ஏத்தி விட்டுடுங்க." விட்டேன். இப்போது அதையே எண்ணி என்னிடம் காட்டுகிறாய்.

நெட்டச்சியை நான் திட்டாத நாள் இல்லை. முதல் வாரம் எட்டு லென்ஸை உடைத்தாள். அழுதாள், மறுநாள் வந்து நின்றாள். அப்படித்தான் கற்றுக்கொண்டாள். குட்டியைத் திட்ட எனக்கு வாய் வராது. என் ஆட்களும் முதலாளியின் தங்கை மகளாயிற்றே என்று அவளிடம் ஒரு வேலை சொல்லத் தயங்குகிறார்கள்.

உள்ளதை எழுதினால் நாற்பத்தெட்டு நாளும் செல்லாது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சான்றிதழ் ஒரு வருடம் தள்ளிப்போகும். பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கிறேன். கூடப் பிறந்தவளே எழுதிக் கொடுத்தாள் என்றால் நான் எந்த முகத்தோடு கல்லாவில் உட்காருவது?

பேசாமல் கையெழுத்தைப் போடு. வேலையைப் பிறகு கற்றுக்கொள்வாள்.

அண்ணன்


செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சொன்னது உண்மைதான். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் நாள் பக்கத்தில் அவள் என்ன செய்தாள் என்று இருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்று ஒரு வரி இல்லை.

நேற்று சாமி முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். நாளைக்கு யாரோ ஒருவர் குட்டியிடம் வந்து கண்ணாடி வாங்குவார். லென்ஸ் கோணலாக இருப்பது தெரியாமல் மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குவார். அவருக்கும் சேர்த்து நான் கையெழுத்துப் போடுவது போல இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

இன்று காலை படிவத்தைக் கொடுத்தாயிற்று. கேள்விக்குப் பதில், "ஒன்றும் இல்லை." மணிக்கணக்கை என் நோட்டில் உள்ளபடி எழுதினேன். அதற்குக் கீழே இடம் இருந்தது. "கடை நல்ல கடை. கூட வந்த பெண் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. என் மகளுக்கு மட்டும் அது மாமா வீடாகிவிட்டது. அப்படி ஆக்கும்படி கேட்டது நான்" என்று எழுதினேன். உங்களை விட்டுக்கொடுத்ததாக நினைக்காதீர்கள்.

அறுபது நாளும் முதலிலிருந்து என்றுதான் சொன்னார்கள். குட்டிக்கு என் மேல் கோபம். "எல்லா அம்மாவும் போட்டாங்க, உனக்கு மட்டும் என்ன" என்றாள். அதோடு சரி.

திங்கள்கிழமை அவளை மறுபடி அனுப்புகிறேன். வேற்றாள் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொள்ளுங்கள். திட்டுங்கள், அண்ணா. நான் கேட்க வரமாட்டேன்.

உங்கள் தங்கை


செப்டம்பர் 29

தங்கச்சிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். வேறொன்றும் இல்லை.

குட்டியின் பயிற்சி டீச்சர் கடைக்கு வந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆட்களிடம் தனித்தனியாக விசாரித்தார். போகும்போது, என்ன மாற்ற வேண்டும் என்று என்னையே கேட்டார். சொந்தக்காரப் பிள்ளைகளைச் சொந்தக்காரர் கடைக்கு அனுப்பாதீர்கள் என்றேன். எழுதிக்கொண்டார்.

நீ கேட்டபடி செய்யப் பார்த்தேன். போன வாரம் குட்டி மிஷினில் ஒரு லென்ஸை உடைத்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். "கையில பட்டுச்சாடா" என்றுதான் வந்தது. அவளும் உடனே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரும் நானும் முகம் பார்த்துப் பேசி ஆறு வருடம் ஆகிறது. விஷயத்தைச் சொன்னேன். "உங்க தங்கச்சி பொண்ணா? நான் கத்துவேனே" என்றார். கத்துங்கள் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன்.

இன்று காலையிலிருந்து அங்கே இருக்கிறாள். அவருடைய மிஷின் வாசலை ஒட்டி இருப்பதால் கல்லாவிலிருந்தே தெரிகிறது. பதினோரு மணிக்கு அவர் போட்ட சத்தம் ரோட்டைத் தாண்டி என் காதில் விழுந்தது. எழுந்து செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். குட்டி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொரு லென்ஸை எடுத்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன்