இறங்காத அளவு

மார்ச் 6, வெள்ளி

காலையிலேயே வெக்கை. லாப்பில் ஏ.சி. திரும்பவும் பழுது. வழமைபோல மெசினுக்கு முதலில் கொன்ட்ரோல். அளவு தெரிந்த அந்தத் திரவத்தை ஓட்டினால்தான் மெசினை நம்பி நோயாளிகளின் இரத்தத்தைத் தொடலாம். கவுண்டரில் இருக்கும் ரஜனி திரையை எட்டிப் பார்த்தாள். "உது ஏன் உப்பிடி மேலையும் கீழையும் துள்ளுது?" துள்ளலாம். புள்ளிகள் அடுத்தடுத்து ஒரே பக்கம் விழுந்தால்தான் மெசினை நிறுத்த வேண்டும் என்றேன். கேட்டபாடில்லை.

தம்பி ஜூட் இரத்தம் கொடுக்க வந்தான். "அக்கா, குத்துறதெண்டால் சிரிச்சுக்கொண்டு குத்து." சிறுநீரகம் கழிக்காமல் விட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவு, கிரியேற்றினின், 1.3. எப்போதும்போல. நாலு வருடமாக அவனுக்குள் இருக்கும் என் இடப்பக்கச் சிறுநீரகம் ஒழுங்காக உழைக்கிறது.

வாங்க: சவர்க்காரம், தேசிக்காய், ஜூட்டுக்குச் செருப்பு (பழையது இறுக்குகிறதாம்).

மார்ச் 30, திங்கள்

மப்பு. மழை இல்லை. பருப்பு, கீரை, திரும்பப் பருப்பு. அம்மாவின் நேர்த்தி: ஜூட்டின் சிறுநீரகத்துக்காகத் தவக்காலம் முழுக்க மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. அவனுக்கும் சேர்த்து. வருடா வருடம் இதுதான்.

ஜூட்: "மீன் மலிஞ்ச குருநகரிலை இருந்துகொண்டு பருப்புத் தின்னுறது நாங்கள் மட்டுந்தான்."

இன்றும் 1.3. அம்மா மெழுகுதிரி கொளுத்தினா. நானும் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று உயிர்த்த ஞாயிறு. நண்டுக்கறி, ஆட்டிறைச்சி, ஜூட்டுக்கு இரண்டாம் தரமும். இன்று 1.6.

இறைச்சி தின்றால் கொஞ்சம் ஏறும்தான். மெசினும் ஆடும்தான். கொன்ட்ரோலை மறுபடி ஓட்டினேன். கோட்டிலேயே வந்து விழுந்தது. மெசின் பிழையாக இருக்கட்டும் என்று வேண்டிய லாப்காரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மா: "உவன் அடிச்ச நண்டுக்கு ஏறாமல் என்ன செய்யும்? ஒரு கிழமைக்குப் பருப்பைக் குடுப்பம்."

சரி என்று விட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

பருப்புக் கிழமை முடிந்தது. 1.7. தெருவில் வருஷப்பிறப்பு வெடி.

கணினியில் போன வருடத்தைத் தேடிப் பார்த்தேன். தவக்காலத்தில் 1.1. அதற்கு முந்திய வருடமும் 1.1. மீனும் இறைச்சியும் நின்றால் அவனுக்கு இறங்கும். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு 1.3க்குத் திரும்பும். இந்த வருடம் இறங்கவே இல்லை. அந்த 1.3தான் ஏற்றம். விரதம் இழுத்துப் பிடித்திருந்ததால் வெளியில் தெரியவில்லை. நாங்கள் மெழுகுதிரி கொளுத்தினோம்.

மெசினுக்கு வைக்கிற கவனத்தில் பாதி என் தம்பிக்கு வைக்கவில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்லவே மாட்டேன்.

டொக்டருக்கு ஃபோன் எடுத்தேன். "உடனை கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஏப்ரல் 17, வெள்ளி

வார்டில் சேர்த்தாயிற்று. ஊசியால் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். ஜூட் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். எனக்கு அழுகை. "என்ரை வயித்திலையெல்லே குத்தினவை, நீ ஏன் அழுறாய்?"

சாப்பாடு இறங்கவில்லை. லீவுக் கடிதம் நாளைக்கு.

ஏப்ரல் 22, புதன்

விடியவே பெருமழை. முடிவு வந்தது. அவன் உடம்பு என் சிறுநீரகத்தை ஏற்கவில்லை. கன நாளாகவே அரித்திருக்கிறது. மருந்தால் கொஞ்சக் காலம் இழுத்துப் பிடிக்கலாம், கடைசியில் திரும்ப டயலிசிஸ்தான்.

"நேரத்தோடை வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்கலாமெண்டு நிச்சயமாச் சொல்லேலாது, தங்கச்சி," என்றார் டொக்டர். உண்மையா, ஆறுதலுக்கா, தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

விறாந்தையில் அம்மா, கையில் செபமாலை. "பிள்ளை, அடுத்த தவக்காலத்துக்கு முட்டையையும் விடுவம்." ஓம் அம்மா என்றேன்.

ஜூட் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

"அக்கா, உன்னட்டை இருக்கிற மற்றது எப்பிடி? பாத்தனீயே?"

காலையில்தான் லாப்புக்குப் போய் என் இரத்தத்தையும் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

"நல்லா இருக்கு."

"அப்ப சரி."

இரண்டும் எனக்குள் ஒன்றாக வளர்ந்தவை. நல்லா இருக்கு என்று அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.