கனடாக்காரியா, ஜெர்மன்காரனா

காலையில் மொட்டைமாடிக்குப் போய்க் காயப்போட்ட படுக்கை விரிப்பை எடுத்து மடித்தேன். டீசல் புகை மணத்தது. கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருந்தால் எந்தச் சவர்க்காரம் போட்டாலும் இந்த மணம் போகாது என்று மேல்வீட்டு மனிசி அலுத்துக்கொள்வாள். நான் மட்டும் விரிப்பை முகத்தில் வைத்து நன்றாக மணந்து பார்த்தேன். "இந்த எஞ்சினுக்கு எண்ணெய் சரியா எரியேல்லை, என்னப்பா" என்று சொல்லத் திரும்பியும் விட்டேன். நீங்கள் கண்ணை மூடிப் பதினொரு மாதமாகிறது. இன்னும் இப்படித்தான் திரும்புகிறேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களைக் கட்டின நாளிலிருந்து நேரில் சொல்ல எத்தனையோ நாள் கிடைத்தும் சொல்லாமல் விட்டது. வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் நீங்கள் சொல்லித் தீர்த்த அந்தப் பொலிஸ் நிலையக் கதையை நான் என் வாயால் ஒருவருக்கும் சொன்னதில்லை, கவனித்தீர்களோ தெரியாது. நீங்கள் சொல்வீர்கள், நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பேன். இன்றைக்கு நான் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கொழும்புக் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் தட்டெழுத்து வேலை. காலையும் மாலையும் ரயில். வருகிற எஞ்சின்களின் நம்பர், வகுப்பு, நேரம், எந்தப் பக்கம் போனது எல்லாவற்றையும் ஒரு சுருக்கெழுத்துக் கொப்பியில் குறித்து வைப்பது பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பழக்கம். ஏன் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. கலியாணம் பேசி ஆட்கள் வரும்போது அம்மா படித்துப் படித்துச் சொல்லுவா: "இந்தக் கோச்சி, எஞ்சின் கதையை அவையளுக்கு முன்னாலை எடுத்துப்போடாதை. பொழுதுபோக்கு என்னெண்டு கேட்டால் தையல் எண்டு சொல்லு." சொன்னேன். ஊசியில் நூல் கோர்க்கவே பொறுமை இல்லாத நான் மூன்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தையல்காரியாக இருந்தேன்.

மூன்றாமவர் ரொறன்ரோ மாப்பிள்ளை. கனடாவைப் பற்றி என்ன தெரியும் என்று தொலைபேசியில் கேட்டார். அல்பேர்ட்டா, ஒன்ராறியோ, மனிற்றோபா, கியூபெக் என்று மடமடவென்று ஒப்புவித்தேன். ஆளுக்கு நல்ல சந்தோஷம். எல்லாம் எங்கள் ரயில் பாதையில் ஓடுகிற எம் டூ என்ற கனடா எஞ்சின்களின் பக்கத்தில் எழுதியிருக்கிற பெயர்கள் என்று சொன்னேன். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அம்மா என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உங்களைக் கண்டேன். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வெள்ளவத்தையில் இறங்கினால், ரயில் மேடையின் தெற்கு முனையில், ஆட்கள் இருக்கிற கடைசி வாங்குக்கும் அப்பால் ஒருவர் கொப்பியும் கையுமாக நிற்பார். பெட்டை பார்க்க வருகிறவன் பெட்டிகள் நிற்கிற இடத்தில் அல்லவா நிற்க வேண்டும், எஞ்சின் நிற்கிற இடத்தில் இவனுக்கு என்ன வேலை என்று யோசித்தேன். மூன்றாவது சனிக்கிழமை வெட்கத்தை விட்டுக் கிட்டப் போய் உங்கள் கொப்பியை எட்டிப் பார்த்தேன். எம் டூ எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் நேரே சரி போட்டிருந்தது. ஒன்ராறியோ மட்டும் வெறுமையாக இருந்தது.

"அது மருதானையிலை நிக்குது. புதன்கிழமை கண்டனான்" என்றேன்.

நீங்கள் என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை, யாரென்று கேட்கவில்லை. "எத்தினை மணிக்கு?" என்று கேட்டீர்கள். என் பெயரைக் கேட்க உங்களுக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமை எடுத்தது.

கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்துகொண்டு, கட்டட வரைபடம் கீறுகிற வேலை பார்த்தீர்கள். வெள்ளவத்தையில் இருக்கிற மாமியைப் பார்க்க வருவதாக அறைக்காரரிடம் சொல்லிவிட்டு வருவீர்கள். மாமி வீட்டில் பத்து நிமிடம், மேடையில் மூன்று மணித்தியாலம். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்து எஞ்சினைச் சொல்கிற விளையாட்டைத் தொடக்கியதும் நீங்கள்தான். எல்லாவற்றிலும் கஷ்டம் எம் டூவையும் எம் சிக்ஸையும் பிரிப்பது. ஒன்று கனடாவில் செய்தது, மற்றது ஜெர்மனியில் செய்தது, ஆனால் இரண்டுக்கும் உள்ளே இருக்கிற இயந்திரம் ஒரே குடும்பம். கனடாக்காரி, ஜெர்மன்காரன் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். ஒரு வருடமாக அந்த விளையாட்டில் என்னை வெல்ல உங்களால் முடியவில்லை. சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுப்பீர்கள், உள்ளுக்குள் எரிச்சல் என்று எனக்குத் தெரியும்.

காதல் என்ற சொல்லை நாங்கள் இருவரும் எடுத்ததில்லை. "உங்களைப்போலை ஒரு ஆள் இந்தக் கொழும்புக்குள்ளை இருக்குமெண்டு நான் நினைச்சிருக்கேல்லை" என்று ஒருநாள் சொன்னீர்கள், அதுவும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு. எனக்கு அது போதுமாக இருந்தது. ஒருவருக்கு முன்னால் தையல்காரியாக இருக்கத் தேவையில்லாமல் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

பிறகு நகரத்துக்குள் குண்டு வெடித்தது. முன்பும் வெடித்ததுதான், ஆனால் இம்முறை சோதனைகள் கடுமையாக இருந்தன. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு கொட்டாஞ்சேனை அறைகளில் இருந்த பெடியன்களை வரிசையாக ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலர் அடுத்த நாள் வந்தார்கள், சிலர் வருடக்கணக்காக வரவில்லை, சிலரைப் பற்றித் தகவலே இல்லை. "கொஞ்ச நாளைக்குக் கொப்பியைக் கொண்டு வராதேங்கோ" என்றேன். நீங்கள் கேட்டால்தானே. "அதிலை என்ன இருக்கு? நம்பர்தானே. ஆரும் கேட்டால் உள்ளதைச் சொன்னால் விளங்கும்" என்றீர்கள். ரயில் நேரமும் எஞ்சின் நம்பரும் எழுதின கொப்பியோடு ஒரு தமிழ்ப் பெடியன் பிடிபட்டால் என்ன விளங்கும் என்று உங்களுக்கு மட்டும்தான் விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் ரயிலை விட்டு இறங்க, இரண்டு பொலிஸ்காரர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தெருப்பக்கம் போனார்கள். ஒருவர் கையில் உங்கள் கொப்பி. நீங்கள் என்னைக் கண்டீர்கள். கண்டுவிட்டு, முன்பின் தெரியாத ஆளைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அந்த நிமிடம் எனக்கு முடிவாகத் தெரிந்துவிட்டது, கட்டினால் உங்களைத்தான் கட்டுவது என்று. கட்ட நீங்கள் திரும்பி வர வேண்டுமே.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல சிங்களம் பேசுவார். "அப்பா, ஒரு ஆளைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். எனக்குத் தெரிஞ்ச ஆள்" என்றேன்.

"எவ்வளவு காலமாத் தெரியும்?"

"ஒரு வருசம்."

அப்பா எழும்பினார். சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டார், குடையை எடுத்தார். நான் என் கொப்பியை எடுத்தேன். இதே பைத்தியம் இன்னொரு ஆளுக்கும் இருக்கிறது என்று காட்டினால் உங்களை நம்புவார்கள் என்பது என் கணக்கு. அதில் நான் யோசிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் உங்களை ஒரு சுவரோடு நிறுத்தியிருந்தார்கள். அடித்த அடையாளம் இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டேன். அப்பா இன்ஸ்பெக்டரை மாத்தயா, மாத்தயா என்று அழைத்துப் பணிவாகப் பேசினார். நான் கொப்பியை மேசையில் வைத்தேன். அவர் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். முழுவதும் கோடும் வளைவும் புள்ளியும்.

"இது என்ன பாஷை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. இங்கிலிஷ் சுருக்கெழுத்து என்று அப்பா விளங்கப்படுத்தினார். வாசி என்றார் இன்ஸ்பெக்டர். நான் வாசிக்க வாசிக்க அவர் உங்கள் கொப்பியில் விரலை வைத்துச் சரிபார்த்தார். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, அதே ரயில், அதே எஞ்சின், அதே நிமிடம். நான் எதிர்பார்த்ததுபோல அவர் முகம் இளகவில்லை. கொப்பியை மூடினார்.

"இரண்டு பேர். ஒரே வேலை. யார் சொல்லிச் செய்கிறீர்கள்?"

உங்களைக் காப்பாற்றப் போய் இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டேன். என்னையும் உங்கள் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னார். ஒரு பெண் பொலிசைக் கூப்பிட ஆள் போனது. அப்பாவின் குடை தரையில் விழுந்தது, அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

அந்த நேரம் ரயில் ஒன்று வந்தது. பாதை பின்பக்கம், யன்னலில் இருந்து தெரியாது. மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. இன்ஸ்பெக்டர் விரலை உயர்த்தி உங்களைப் பார்த்தார்.

"இப்போது போவது என்ன?"

"எம் சிக்ஸ். ஜெர்மன் எஞ்சின்" என்றீர்கள்.

என்னைப் பார்த்தார்.

"இல்லை, மாத்தயா. எம் டூ. கனடா எஞ்சின்" என்றேன்.

உங்கள் முகம் போன போக்கை நீங்கள் கண்டிருக்க வேண்டும். இன்ஸ்பெக்டரை மறந்தீர்கள், துவக்கோடு வாசலில் நின்ற பொலிஸ்காரனை மறந்தீர்கள், என் அப்பாவையும் மறந்தீர்கள். "என்ன கதைக்கிறீர்? கனடாக்காரி இப்பிடி இரைவாளா?" என்று தமிழில் பாய்ந்தீர்கள். முதல்தடவையாக என்னை உரிமையோடு நீர் என்று சொன்னது அந்த இடத்தில்தான்.

"ஏன், வளைவிலை இப்பிடித்தானே இரையிறவள்" என்றேன்.

"வளைவு எங்கை கிடக்கு? அது அங்காலை. காதைக் கழுவிப்போட்டு வாரும்."

"உங்கடை காதுதான் அடைச்சுப்போச்சு."

"ஒரு வருசமா என்னத்தைக் கேட்டனீர்?"

இன்ஸ்பெக்டர் அப்பாவிடம் என்ன சண்டை என்று கேட்டார். அப்பாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "போனது எந்த எஞ்சின் என்று சண்டை பிடிக்கிறார்கள், மாத்தயா" என்றார். அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து ரயில் நிலையத்துக்கு அடித்துக் கேட்டார். வைத்துவிட்டு, "நோனாவுக்குப் பிழை. எம் சிக்ஸ்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். நீங்கள் மேசையில் தட்டினீர்கள், "பாத்தீரா" என்று. பொலிஸ் நிலையத்து மேசையில். துவக்கோடு நின்றவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்கும் வந்தது, அவர் அதை மறைத்துக்கொண்டார்.

வாக்குமூலம் எழுதி எடுத்தார்கள். கொப்பிகள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். இனி எதையும் எழுதக் கூடாது, இரண்டு கிழமைக்குத் தினமும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். பொழுது படுவதற்குள் நாங்கள் மூவரும் வெளியே, காலி ஊருக்குப் போகிற பெருந்தெருவில் நின்றோம். நன்றி, கண்ணீர் ஒன்றும் இல்லை. "அது எப்பிடி உமக்கு எம் டூ எண்டு கேட்டது?" என்று தொடங்கினீர்கள். அப்பா நடப்பதை நிறுத்தினார். "இந்த ரெண்டு விசரையும் ஒரு வீட்டுக்குள்ளை போட்டாத்தான் மற்றச் சனத்துக்கு நிம்மதி" என்றார். மூன்று மாதத்தில் போட்டும் விட்டார்.

இதுவரை நீங்கள் சொல்கிற கதைதான். இனி என்னுடையது.

என்னப்பா, அது ஜெர்மன்காரன்தான். தூரத்தில் இரைச்சல் எழும்பும்போதே எனக்குத் தெரியும். நீங்கள் சரியாகச் சொன்னீர்கள். நானும் அதையே சொன்னால், அந்த மனிதர் கண்ணில் நாங்கள் உளவு பார்க்க யாரோ நன்றாகப் பழக்கி அனுப்பின இரண்டு பேர். உங்களை எனக்குத் தெரியும். அடித்தாலும் வாய் திறக்க மாட்டீர்கள், ஆனால் ஒருத்தர் எஞ்சினைப் பிழையாகச் சொன்னால் பொறுக்க உங்களால் முடியாது. அந்தக் கோபத்தை அவர் பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன். வேண்டுமென்று சொன்னேன்.

வெளியே வந்ததும் சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளதைச் சொன்னபடியால்தான் விட்டார்கள் என்று நீங்கள் நம்பத் தொடங்கிவிட்டீர்கள். பிறகு கனடாவுக்குப் போன என் அண்ணா எங்களையும் அங்கே கூப்பிட்டபோது, "ஏன் ஓட வேணும்? நான் உண்மையைச் சொன்னன், விளங்கிக்கொண்டாங்கள்தானே" என்றீர்கள். சோதனைச் சாவடியில் மற்றவர்கள் தலை குனிந்து நிற்பார்கள், நீங்கள் கடைக்கு வந்ததுபோல அட்டையை நீட்டுவீர்கள். சுற்றிவளைப்பு நடக்கிற காலத்திலும் தலையணையில் தலை வைத்ததும் நித்திரை. நான் பக்கத்தில் முழித்துக்கொண்டு கிடப்பேன். உங்களை வெளியே எடுத்தது உண்மையில்லை, ஒரு பொய் என்று சொன்னால் உங்கள் நித்திரையும் போயிருக்கும். எங்கள் வீட்டில் ஒரு ஆளாவது நித்திரை கொள்ளட்டும் என்று விட்டேன்.

யுத்தம் முடிந்த பிறகு சொல்ல நினைத்தேன். அதற்குள் அந்தக் கதை உங்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. "இவவுக்கு அண்டைக்குப் பிழைச்சுப்போச்சு" என்ற கடைசி வரிக்காகவே கதையைத் தொடங்குவீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை தாதிப் பிள்ளைக்கும் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னீர்கள். அந்த வரி வந்ததும் என் கையைப் பிடித்தீர்கள். அப்போது வாய்வரை வந்தது. அந்தப் பிள்ளை சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்துவிட்டேன்.

இப்போது பயப்பட ஒன்றுமில்லை, காப்பாற்ற ஒருவரும் இல்லை. ஆனபடியால் சொல்லிவிட்டேன். கேட்டிருந்தால் முதலில் கோபித்திருப்பீர்கள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பீர்கள். மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம், நீர் அப்பிடிப் பிழைவிடுற ஆள் இல்லையே" என்று சொல்லியிருப்பீர்கள். அதை உங்கள் வாயால் ஒருக்கால் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்றைக்கும் போகவில்லை.