சந்தியாவின் போனில் திறந்திருந்த பக்கம்

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. பண்ருட்டி முந்திரிக் கடையின் வெப்சைட்டில் புதுப் படங்கள் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை.

காலையில் ரவி அண்ணன் போன். குடியை விட்ட பிறகு சிதம்பரத்தில் அவர் ஆரம்பித்த குழுவின் வெப்சைட் விஷயம். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால் ஆளுக்கொரு பக்கம். இன்றைக்குக் குடிக்கத் தோன்றியதா, எப்படித் தாண்டினார்கள், பழசில் எது உறுத்துகிறது என்று எழுதுவார்கள். குழுவில் உள்ளவர்கள் மட்டும் படிக்கலாம். செய்துகொடுத்த பையன் வெளிநாடு போய்விட்டதால் போன மாதம்தான் என் கைக்கு வந்தது.

குழுவில் அன்பழகன் என்று ஒருவர். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் மீனவக் கிராமம். அவர் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, மகள் போனில் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு அப்படியே வைத்துவிட்டார். மகள் சந்தியா, பிளஸ் டூ. பாடம் பார்க்க போனைத் திறந்தவளுக்கு அப்பாவின் பக்கம் முன்னால் நின்றிருக்கிறது.

சந்தியாவின் அம்மா நெஞ்சுவலி வந்து இறந்த நாளைப் பற்றி எழுதியிருந்தாராம். அன்று சாயங்காலம் அப்பாவுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டது சந்தியாதான். கடலில் இருந்தேன், டவர் இல்லை என்று சொல்லி வைத்திருந்தார். உண்மையில் கரையில்தான் இருந்தார், குடித்துவிட்டு.

படித்த அன்றே கிளம்பி கடலூரில் பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். யார் போனிலிருந்து அப்பா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

"வெளிய வர ஒரு பட்டனே இல்லியாம்மா அதுல?" என்றார் அண்ணன்.

பார்த்தேன். இல்லை. அவரவர் போன்தானே என்று அந்தப் பையன் நினைத்திருப்பான். இவர்களில் பாதிப் பேர் வீட்டில் குடும்பத்துக்கே ஒரு போன்.

மதியம் ரசம், அப்பளம். சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

நல்ல மழை. பள்ளிக்கூடம் லீவு. கரண்ட் போய்ப் போய் வருகிறது.

"ஒரு பட்டன்தானே, இவ்ளோ நேரமா?" என்கிறார் வீட்டுக்காரர். பட்டன் வைக்க நேரம் ஆகவில்லை. அமுக்கினால் வெளியே வந்துவிடுகிறது. போனில் பின்னால் போகும் அம்புக்குறியைத் தட்டினால் எழுதியதெல்லாம் மறுபடி தெரிகிறது. போன் அதைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கிறது. அதைச் சரி செய்ய மதியம் ஆயிற்று. கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் தானே மூடிக்கொள்ளும்படியும் வைத்தேன்.

பட்டனில் என்ன எழுதுவது? 'வெளியேறு' என்று போட்டேன். வீட்டை விட்டுத் துரத்துவது போல இருந்தது. இவர்களில் பல பேர் அதைக் கேட்டவர்கள். 'முடித்துக்கொள்' என்று மாற்றி அண்ணனுக்கு அனுப்பினேன். போனில் கூப்பிட்டார்.

"நம்ம ஆளுங்ககிட்ட அந்த வார்த்தை வேணாம்மா. உசுர முடிச்சிக்கப் பாத்தவங்களும் இருக்காங்க."

சுருக்கென்றது. 'லாக் அவுட்' என்றே தமிழில் எழுதிவிட்டேன். நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர், மில்லில் வேலை, எந்த மில்லில் லாக் அவுட், எதுக்குக் கதவடைப்பு என்று கேட்டாராம். கடைசியில் 'போயிட்டு வரேன்'. அதுதான் எல்லாருக்கும் சரியாகப் பட்டது.

பால், கொசுவத்தி, போன் சார்ஜர் வாங்கணும்.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டு வெக்கை.

புதிதாக வைத்தது வேலை செய்ய வேண்டுமானால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் எல்லாரையும் ஒருதடவை வெளியே அனுப்பிவிட வேண்டும். யார் யார் உள்ளே என்று சர்வரில் பார்த்தேன். அன்பழகன் பெயர் இருந்தது. இன்று காலைகூட யாரோ அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள்.

அண்ணனைக் கேட்டேன். அன்பழகன் இன்னும் போன் வாங்கவில்லை, வேறு எங்கேயும் உள்ளே போகவில்லை என்றார்.

அப்படியானால் அந்தப் பெண்.

தினமும் வந்திருக்கிறாள். அம்மா இறந்த நாளோடு நிற்கவில்லை. அவர் குழுவில் சேர்ந்த நாளில் எழுதியதிலிருந்து வரிசையாகத் திறந்து வந்திருக்கிறாள். போனை எடுக்காதவள்.

நான் எதையும் படிக்கவில்லை. எந்தப் பக்கம் எப்போது திறந்தது என்பதைத்தான் பார்த்தேன். அதுவே யாரோ வீட்டு ஜன்னல் ஓரம் நிற்பது போல இருந்தது.

மூடினால் அவளுக்கும் மூடும். மூடாமல் விட்டால் மற்றவர்கள் எழுதியதும் அவள் கையில். வீட்டுக்காரர், "அவ அப்பா எழுதுனதுதானே, படிக்கட்டுமே" என்றார். மற்றவர்களும் யாரோ ஒருத்திக்கு அப்பா.

அன்பழகனிடம் சொல்லாமல் எதுவும் செய்யக்கூடாது. நாளைக்குக் குழுவின் கூட்டம்.

நவம்பர் 14, வெள்ளி

சிதம்பரம் பஸ். கூட்டம் ஜாஸ்தி, பாதி வழி நின்றுகொண்டே. கீழ வீதிப் பக்கம் ஒரு மாடி அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாருக்கும் பட்டனைக் காட்டினேன். ஆளாளுக்கு அமுக்கிப் பார்த்தார்கள்.

அன்பழகன் கடைசியாக வந்தார். கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு, மூன்று நாளாகச் சும்மா இருக்கிறார். கண் சிவந்திருந்தது. ரவி அண்ணன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். குடிக்கவில்லை, தூங்கவில்லை அவ்வளவுதான் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அன்பழகனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முதலில் புரியவில்லை.

"படிக்கிறாளா? எம்மேல கோவத்துல இருக்கிறவ, படிக்கிறாளா?"

"தினமும், அண்ணே."

சுவரில் சாய்ந்துகொண்டார். மூடாதே என்று கேட்டுக்கொண்டார். தன்னால் வாயால் சொல்ல முடியாததெல்லாம் அதில்தான் இருக்கிறதாம்.

அண்ணன் உள்ளே போய் எல்லாரிடமும் கேட்டார். நெல்லிக்குப்பத்துக்காரர், "எங்களுதையும் படிச்சா படிக்கட்டும், புள்ள தெரிஞ்சிக்கட்டும்" என்றார். ஜன்னலோரம் இருந்த வாத்தியார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "என்னுது வேணாங்க" என்றார். அவர் கேட்டது நியாயம். மற்றவர்கள் எழுதியது எதுவும் அந்தப் போனில் தெரியாதபடி அங்கேயே மாற்றினேன். அன்பழகன் எழுதியது மட்டும் நாளை மதியம் வரை. அதற்கு மேல் கூடாது என்று அண்ணன் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

மூடுவதற்குள் ஒன்று எழுத வேண்டும் என்றார் அன்பழகன். அவரிடம் போன் இல்லை. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"சந்தியா, அப்பாதான். நீ படிக்கிறது தெரிஞ்சிபோச்சு. திட்டல. நாளைக்கு இது மூடிடும். இதுக்கு மேல கேக்கணும்னா என்னைத்தான் கேக்கணும். என்னா கேட்டாலும் சொல்றேன்."

மன்னிப்பு என்று ஏதாவது சேர்க்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அது அவள் வாயிலிருந்து வர வேண்டியது, தான் கேட்டு வாங்கக்கூடாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 15, சனி

வெயில். துணி எல்லாம் மொட்டை மாடியில்.

காலையில் ஐந்தாறு தடவை சர்வரைப் பார்த்திருப்பேன். இல்லை. இல்லை. முந்திரிக் கடைப் படங்களை ஒருவழியாக ஏற்றினேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால், திறந்திருக்கிறாள். கடைசியாக எழுதியதை மட்டும். ரொம்ப நேரம் அதிலேயே.

மதியம் மூடினேன். எல்லாரும் வெளியே. திரும்ப உள்ளே வர பாஸ்வேர்டு வேண்டும். வேலை சரியாக முடிந்தது. மனசு சரியில்லை.

சாயங்காலம் வரை அண்ணனிடமிருந்து ஒன்றும் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடி மேகம். மீன் வாங்கவில்லை, விலை கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

அண்ணன் போன். நேற்று சாயங்காலம் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு சந்தியா ஊருக்குப் போயிருக்கிறாள். வீட்டுக்குள் வரவில்லையாம். வாசலிலேயே நின்றிருக்கிறாள். அன்பழகன் வெளியே வந்திருக்கிறார். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்.

"நான் கூப்புட்டப்ப போன் அடிச்சது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அழுதாளா என்று கேட்டேன். இல்லையாம். பெரியம்மாதான் அழுதிருக்கிறாள். சந்தியா பையை வாசலில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கடலூர் பஸ் வந்தது. பெரியம்மா மட்டும் ஏறினாள்.

ராத்திரி உள்ளே போய் உலை வைத்தாளாம். அப்பாவுக்கும் சோறு போட்டிருக்கிறாள்.