நைனா சோதித்த தூளி

என் உரத்த குரல்கார அம்மாவுக்கு,

வளைகாப்பு அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "நைனா, நானும் வரேன்." அது தொண்டை வரைக்கும் வந்தது. இரண்டு கைகளிலும் வளையல் அடுக்கியிருந்தார்கள். வளையல்கள் சத்தம் போட்டன, நான் போடவில்லை.

நீ இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை எனக்காக நீயே சொல்லியிருப்பாய். திருவொற்றியூரில் நீ சொன்னது எண்ணூர் வரைக்கும் கேட்டிருக்கும். உன் மூக்கு எனக்கு வந்தது, உன் கால்விரல்கள் வந்தன. குரல் மட்டும் ஏன் அம்மா வரவில்லை?

நடந்ததைச் சொல்கிறேன். தலைப்பிள்ளைக்கு என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக நைனா வந்திருந்தார். நீ செய்யவேண்டிய சீரையெல்லாம் தனியாளாகச் சுமந்து வந்தார். பழத்தட்டு, பூ, பக்கத்து வீட்டில் சொல்லிச் செய்வித்த சித்திரான்னங்கள். சலவை வேட்டி கட்டியிருந்தார். அவர் அமர்த்திய ஜட்கா வண்டி வாசலில் நின்றது. பந்தி முடிந்ததும் எழுந்து, "அப்ப, பொண்ண இட்டுகினு போவட்டுமா சம்பந்தியம்மா?" என்றார்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். என் மாமியாரை உனக்குத் தெரியும், கெட்டவர் அல்ல. அவர்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளின் முதல் குளியல் அவர் கால்மேல்தான் நடந்திருக்கிறது. அதனால்தான் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

"எங்க இட்டுகினு போவீங்க சம்பந்தி? பொம்பள இல்லாத வூட்டுக்கா? கொழந்தைய யாரு குளிப்பாட்டுவா, நீங்களா?"

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். நைனாவும் சேர்ந்து சிரித்தார். "கத்துகினா போச்சு."

"கத்துக்கறதுக்கு அது இன்னா, கப்பல்ல நீங்க கட்ற கயிறா?"

இன்னும் சிரிப்பு. பிறகு அத்தை முகத்தை நேராக வைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார். "வூட்ட மொதல்ல ஒரு கொழந்த இருக்கற வூடா மாத்துங்க. நான் வந்து கண்ணால பாக்கறேன். மனசு ஒப்புச்சுன்னா உட்டுட்டு வரேன். இல்லாங்காட்டி பிரசவம் இங்கதான்."

நைனா காலித் தட்டுகளோடு அதே ஜட்காவில் போனார். என் வீட்டுக்காரரிடம் அன்று மாலை கேட்டேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. "அம்மா சொல்றதும் நாயம், மாமா கேக்கறதும் நாயம்" என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டி ஆலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவரும் என்னைப் போலத்தான். அந்த வீட்டில் பேசுவதற்கு ஒரே ஒருவர்தான், அது அத்தை.

நான் நம் ராயபுரம் வீட்டுக்கு வர விரும்பியது பாசத்தால் மட்டும் அல்ல. நம் தெருமுனையில் திரும்பினால் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி. வலி எடுத்தால் நடந்தே போய்விடலாம். திருவொற்றியூரில் அத்தை வீட்டிலோ, இரவு பஸ் நின்றபின் ஜட்காவுக்கு அலையவேண்டும். குதிரைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதுவும் இல்லை. இதை யோசித்துத்தான் முடிவு செய்திருந்தேன். யோசித்ததைச் சொல்லத்தான் தெரியவில்லை.

நைனா அத்தையின் தீர்ப்பை ஒரு வேலை உத்தரவு போல எடுத்துக்கொண்டார். துறைமுகத்தில் 'இந்தக் கப்பல் இன்று காலியாக வேண்டும்' என்று சொன்னால் சரக்கு ஏற்றி இறக்கும் நைனா போன்ற கலாசிகள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ, அப்படி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்குப் போயிருக்கிறார். அதை என்னிடம் அவரே நடித்துக் காட்டினார்.

"பாயி, கொழந்தைக்குச் சட்ட காட்டு."

"வயசு எவ்ளோ கலாசி?"

"இன்னும் பொறக்கல."

பாய் எடுத்த துணியை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டாராம். "பொறந்தப்பறம் வா கலாசி. முன்னாடியே வாங்குனா உங்க ஜனம்தான் ஒத்துக்காது. அப்பால ஊர்ல எந்தப் புள்ளைக்குச் சளி புடிச்சாலும் எங்க கடத் துணின்னுவாங்க."

ஆக, புதுத்துணி கிடையாது. நைனா சோர்ந்துவிடவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் கொண்டுவந்து, ஞாயிறுகளில் நான் ராயபுரத்துக்குப் போகும்போது என் முன் வைத்தார். கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கிற பால்மாவு டப்பா. கப்பல்காரர் யாரோ கொடுத்த முரட்டுக் கம்பளி. ஒரு கிலுகிலுப்பை. இருவர் உட்காரக்கூடிய ஒரு தகர டப்.

அம்மா, அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வேண்டும், வேண்டாம் என்று பிரிப்பது எனக்கு வரும். வாசகசாலையிலிருந்து பிள்ளை வளர்ப்பு பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் எடுத்து வந்திருந்தேன். அதில் பிறந்த குழந்தைக்குக் கம்பளிக் காலுறை, கம்பளி உள்பாவாடை, கம்பளித் தொப்பி, அதன்மேல் ஒரு சால்வை என்று போட்டிருந்தது. நம் ராயபுரத்து ஆனி மாதத்தில்! வேர்த்தே கரைந்துபோகும் பிள்ளை. அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு, குழந்தையைத் தொடுகிற எதையும் கொதிக்க வை, வெயிலில் காய வை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டேன். இந்த மூன்றும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

கம்பளியைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். பால்மாவை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னால் பார்க்கலாம் என்றேன். தகர டப்பில் நீங்கள் குளியுங்கள் என்றேன். அவர் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். "தோ பார்றா, அவங்கம்மா மாதிரியே பேசுது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்டது இவ்வளவுதான்: பால் புகட்டப் பித்தளைப் பாலாடை ஒன்று, வெந்நீர் வைக்க மூடியோடு ஒரு பானை, கடலைமாவு வேண்டாம் பயத்தமாவு, விளக்கெண்ணெய், கொசுவலை. கொசுவலையை நான் அழுத்திச் சொன்னேன். நம் சாக்கடை ஓரத்துக் கொசு உனக்குத் தெரியாததா?

கொசுவலையை நைனா கடையில் வாங்கவில்லை. சல்லாத் துணி வாங்கி, கித்தான் தைக்கிற கோணி ஊசியால் தானே தைத்தார். தையல் கொஞ்சம் பெரிதுதான். ஆனால் ஒரு மூலையும் பிரியாது.

மற்றது பழந்துணி. அவருடைய தேய்ந்த வேட்டிகளைக் கிழித்து, அண்டாவில் கொதிக்க வைத்து, வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போட்டிருக்கிறார். சதுரம் சதுரமாக வெள்ளைத் துணிகள் கடற்காற்றில் படபடவென்று அடிக்க, எதிர்வீட்டுக்காரி கேட்டாளாம்: "இன்னா கலாசி, கொடியெல்லாம் ஏத்திகீற, கப்பலு எப்ப பொறப்படுது?"

"அடுத்த மாசம்மா. சரக்கு ஏறிகினே கீது" என்றாராம் இவர்.

உன் காவி நிறச் சுங்குடிச் சேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். உன் மற்ற சேலைகளையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். இந்த ஒன்றைக் காணவில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிறு போனபோது அது நைனாவின் தலையணைக்கு உறையாக இருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். உருவி எடுத்துத் துவைக்கப் போட்டார். "தூளிக்கு நூல்சேலதான் நல்லது. கொழந்தைக்குச் சூடு தெரியாது" என்றார், யாரோ அவரைக் கேள்வி கேட்டது போல.

அத்தை பார்வையிட வந்த நாள் வந்தது. நானும் அத்தையும் பஸ்ஸில் வந்து, மீதி தூரம் மெல்ல நடந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரு கிறீச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்த அத்தை அப்படியே நின்றுவிட்டார்.

உத்தரத்தில் புதுக் கொக்கி. கொக்கியிலிருந்து கப்பல் கயிறு. கயிற்றில் உன் சேலை, தூளியாக. தூளிக்குள் ஒரு மூட்டை. நைனா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையை நிமிர்த்திக் கொக்கியையே பார்த்தபடி, அதை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ! இன்னா வேல இது?" அத்தை வாயில் அடித்துக்கொண்டார். "பொறக்காத புள்ளைக்குத் தூளியா? உள்ள இன்னா அது?"

நைனாவின் கை நின்றது. "மணலு, சம்பந்தியம்மா."

"மண்ண போட்டு ஆட்றீங்களா? புள்ள வர்றதுக்கு முன்னாடி தூளில மண்ண போட்டு ஆட்றீங்களா?"

நம் ஜனத்தில் இதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் நைனாதான். காலித் தூளியைக் கூட ஆட்டக்கூடாது என்பார்கள். பிள்ளை பிறந்து பேர் வைக்கும் வரைக்கும் கொக்கி பக்கமே போகமாட்டார்கள். அவருக்கு அது தெரியாமல் இல்லை. நான் பிறந்தபோது தெரிந்திருக்கும்தானே? ஆனால் அவர் அதை நினைக்கவே இல்லை. அவர் நினைத்தது பளுவை.

"கோவிச்சுக்காதீங்க" என்று எழுந்தார். "ஆர்பர்ல கயித்த சோதிக்காம ஒரு மூட்டய கூட நான் மேல ஏத்துனது இல்ல. தூக்கப்போற சரக்க விட ரெண்டு பங்கு பளு வெச்சு மொதல்ல பாக்கணும். இது எம் பேரப்புள்ள. சோதிக்காத கயித்துல எப்டி போடறது?" என்று வலக்கையைக் காட்டினார். வளைந்துபோன சுண்டுவிரல். "இது சோதிக்காத கயிறு பண்ணது."

அத்தை விரலைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்தார். "கெளம்பு. பேஜாரு புடிச்ச வூடு இது. வா போலாம்."

நைனா என்னைப் பார்த்தார். வளைகாப்பு அன்று பார்த்த அதே பார்வை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போகத் தயாராகிவிட்ட பார்வை.

"நான் வரல அத்த" என்றேன்.

சின்னக் குரல்தான். ஆனால் வெளியே வந்துவிட்டது. வந்தபின் பின்னாலேயே மற்றவையும் வந்தன. "ஆஸ்பத்திரி தெருமுனையில இருக்குது. துணி காய்ச்சி வெச்சிருக்காரு. வலை தைச்சிருக்காரு. தூளிய இப்பக் கட்டுனது தப்புதான், அவுத்துடலாம். ஆனா கயித்துக்கே இவ்ளோ பயப்படற ஆளுகிட்ட எம் புள்ளைய தைரியமா உடுவேன். நான் இங்கதான் இருப்பேன்."

அத்தை என் கையை விட்டார். "உனுக்கு வாய் கூட கீதாடி?" என்றார். கோபமா, ஆச்சரியமா, எனக்குப் புரியவில்லை. பிறகு சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு வீட்டைப் பார்த்தார். பானையின் மூடியைத் திறந்து பார்த்தார். மடித்த துணிகளில் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கொசுவலைத் தையலைப் பார்த்து, "இது இன்னா, திமிங்கலம் புடிக்கவா?" என்றார். நைனா சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார்.

கடைசியில் தூளிக்கு வந்தார். துணியை விரல்களுக்கிடையில் தேய்த்தார். "நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிகினு வந்தாங்களே, அந்தச் சேல?"

"ஆமாம்" என்றேன்.

உன்னை நினைத்தாரோ என்னவோ, அதை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் தூளியைப் பிடித்து, தன் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அத்தையின் பாரம் உனக்குத் தெரியும். உத்தரம் முனகவில்லை.

"சேலைய அவுத்துடுங்க சம்பந்தி. மண்ண வெளிய கொட்டுங்க. கொக்கி அப்டியே இருக்கட்டும்" என்றார். "குளிப்பாட்ட நான் வரேன். ஒரு மாசம். எனக்கு ஒரு பாய் போட்டு வைங்க."

சம்பந்தி வீட்டில் மாமியார் வந்து தங்குவதா என்று நைனா திகைத்துப்போய், "ஊரு இன்னா சொல்லும்?" என்றார்.

"மண்ண தாலாட்டுனீங்களே, அதுக்கு ஊரு இன்னா சொல்லுச்சு?"

அன்றிலிருந்து நான் இங்கேதான் இருக்கிறேன். கொக்கி தலைக்கு மேலே காலியாக இருக்கிறது. ஓய்ந்து படுக்கும்போது அதைப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறதா என்று நீ கேட்பாய். இருக்கிறது, கொஞ்சம். ஆனால் வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதனால் பயம் உட்கார இடம் குறைவு. உன் முதல் பிரசவத்தில் உனக்கு எப்படி இருந்தது? கேட்காமலே விட்டுவிட்டேனே.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். பிள்ளைக்கு உன் பெயரை வைப்பேன் என்று அல்ல. அது அத்தையும் நைனாவும் சண்டை போட்டு முடிவு செய்யவேண்டியது. தூளி அவிழ்க்கிற நாளில் உன் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டமாட்டேன். துணி சும்மா கிடந்தால் உனக்குப் பிடிக்காது. அது பிள்ளைக்குப் போர்வையாக, பிறகு துடைக்கிற துணியாக, நூல் நூலாகிற வரைக்கும் உழைக்கும். அதுவரை நம் வீட்டில் நீயும் வேலையாக இருப்பாய்.

இப்படிக்கு,
குரல் கொஞ்சம் வந்துவிட்ட உன் மகள்

பின்னர் எழுதியது: பெண் குழந்தை, ஆஸ்பத்திரியில் பிறந்தாள். இருவரும் நலம். அத்தை குளிப்பாட்டுகிறார், நைனா வெந்நீர் ஊற்றுகிறார். பேர் வைத்த அன்று உன் சேலையைக் கொக்கியில் கட்டியதும், குழந்தையைக் கையில் வைத்திருந்த அத்தை அவளைத் தூளியில் போடவில்லை. "மண்ணு மூட்ட எங்க சம்பந்தி?" என்று கேட்டார்.