சாவியில்லாமல் ஓடிய நாள்

மாமா,

இன்று காலையில் பால் கருகிவிட்டது. அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு, மழை விட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போனேன். திரும்புவதற்குள் வீடு முழுக்க அந்த வாசனை. அடுப்பை அணைக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கை இடுப்புக்குப் போனது. சாவியை உருவிக்கொண்டு உன் கட்டிலுக்கு ஓடினேன். கட்டில் காலியாகக் கிடந்தது. மருமகள்தான் வந்து அடுப்பை அணைத்தாள்.

"இன்னா அத்தே, பால் கருகுது, நீ சாவிய தூக்கிகினு எங்க ஓடற?"

அவளிடம் என்ன சொல்வது? கருகல் வாசனைக்கும் சாவிக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியாக நீயும் போய்விட்டாய்.

கல்யாணமான முதல் மழைக்காலம் அது. முத்தாபுதுப்பேட்டை ஓட்டு வீட்டில் நீ சோறு தின்றுகொண்டிருந்தாய். "எங்கியோ கருகுதுமே" என்றாய். நான் அடுப்பைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் நீ தரையில் கிடந்தாய். கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் கத்த வாயைத் திறந்தேன். உன் அம்மா, என் அத்தை, ஓடி வந்து உன்னைப் பிடிக்கும் முன்னால் என் வாயைத்தான் பொத்தினாள். "கத்தாதடி. அக்கம்பக்கத்துல கேட்டா அவன் வேல பூடும்." பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்து உன் கையில் வைத்தாள். திண்டுக்கல் பூட்டுக்கு உண்டான நீட்டு இரும்புச் சாவி. உன் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது.

சொந்த அத்தை மகன்தான் நீ. ஆனாலும் உனக்கு இப்படி வரும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கோபம் வரவில்லை மாமா, பயம்தான் வந்தது. அன்றைக்கே அத்தை சாவியை என்னிடம் கொடுத்து, "இனிமே இது உன் இடுப்புல கெடக்கட்டும்" என்றாள். வீட்டுச் சாவியை மருமகளிடம் கொடுப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சாவி என் இடுப்பில் ஏறியதிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

அப்போது ஆவடி தொழிற்சாலையில் உனக்கு லேத்து வேலை. இன்னும் நிரந்தரமாக்கவில்லை. சுற்றுகிற மெஷின் முன்னால் நிற்கிறவனுக்கு வலிப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். நீ வேலைக்கு ஓடித்தான் போவாய். சைக்கிள் வாங்க வசதியிருந்தும் வாங்க மாட்டாய். "ஓடிகினே இருந்தா அது என்னப் புடிக்காதுமே. பின்னாடியே வரும், புடிக்க முடியாது" என்பாய். நீ வயல்வரப்பில் இறங்கி, ரயில் பாதையோரம் ஏறி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்புறம் தொழிற்சாலைச் சங்குக்காகக் காது கொடுத்துக் காத்திருப்பேன். சங்கு ஊதிவிட்டால் நீ உள்ளே இருக்கிறாய் என்று அர்த்தம். அங்கே சுற்றிலும் இரும்பு. இரும்புக்கு நடுவில் இருக்கிறவனை அது என்ன செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். அந்த நாள்களில் சங்கு சத்தம் கேட்காமல் நான் உலை வைத்ததே இல்லை.

நீ ஓடி வருவதைப் பார்த்துத்தான் உன் சூப்பர்வைசர் பேர் கொடுத்துவிட்டார். தொழிற்சாலைகளுக்குள் ஒரு கடலோர ஓட்டம், அதற்கு மாரத்தான் என்று பேர். திருவான்மியூரில் புறப்பட்டு, கரையோரமாகவே தெற்கே போய், ஒரு சவுக்குத்தோப்பில் நட்டிருக்கும் கொடியைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். முழு மாரத்தான் இல்லை, சின்னது என்றார்கள். எனக்குச் சின்னது பெரியது தெரியாது. கடல் என்பது மட்டும் தெரிந்தது. முடியாது என்று சொல்லேன் என்று அழுதேன். "ஏன் முடியாதுன்னு கேட்டா இன்னா சொல்றது?" என்று நீ கேட்டாய்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி அது. முந்தின நாளிலிருந்தே புயல் மழை. விடிந்ததும் தொழிற்சாலை லாரி வந்தது. நானும் ஏறப் போனேன். நம் தெருக்காரர், உன் தொழிற்சாலையிலேயே மெஷின் பொருத்துகிற பிட்டர் அண்ணாத்தே லாரியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தங்கச்சி, நீயும் ஓடப்போறியா? கச்ச கட்டிகினு வந்துக்கீற?"

"நா ஒண்ணும் ஓடல அண்ணாத்தே. கடலப் பாக்கத்தான் வரேன்."

"இந்தப் புயல்லயா? கடல் உன்னப் பாக்க வரப்போவுது, போ."

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் முந்தானைக்குள் சாவியைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன்.

அந்தக் கடல் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் பெரிய தண்ணீர் என்று நினைத்து வளர்ந்தவள் நான். இது மண் நிறத்தில் எழுந்து எழுந்து விழுந்தது. காற்றில் சேலை நிற்கவில்லை. ஓடுகிறவர்கள் அரைக்கால் சட்டையும் பனியனுமாக நடுங்கிக்கொண்டு நின்றார்கள். நான் கூட்டத்துக்குள் புகுந்து உன் கையில் சாவியைத் திணித்தேன். அதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"கையில இன்னாபா அது? சாவியா? ஓட வந்தியா, இல்ல கடல பூட்ட வந்தியா? குடுத்துட்டு வா."

மறுபடியும் சிரிப்பு. நீ சாவியை என்னிடம் நீட்டினாய். உன் விரல் என் விரலில் பட்டது. பனிக்கட்டி மாதிரி இருந்தது. விசில் ஊதினார்கள். எல்லாரோடும் சேர்ந்து மழைக்குள் போய் மறைந்துவிட்டாய்.

அங்கே சங்கு இல்லை மாமா. நீ பத்திரமாக இருக்கிறாய் என்று சொல்ல ஒரு சத்தமும் இல்லை. ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் கடல். இரும்பு என் கையில். நீ அலையோரம் விழுந்தால், குப்புற விழுந்தால், முழங்கால் அளவு தண்ணீர் போதும். இதையே நினைத்துக்கொண்டு நின்றேன். பிறகு நிற்க முடியவில்லை. நீ போன பக்கம் நடக்க ஆரம்பித்தேன். நடை எப்போது ஓட்டமானது என்று தெரியவில்லை.

கட்டுமரங்களை மேலே இழுத்துப் போட்டிருந்த இடத்தில், ஓலை மறைவில் ஒரு மீன்காரம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஏமே, எங்க இப்டி தலதெறிக்க ஓடற?"

"எங்க ஊட்டுக்காரரு ஓடறாரு, அவரு பின்னாடி..."

"ஏன், யாரு தொரத்தறாங்க?"

"யாரும் தொரத்தல. பந்தயம்."

"இந்த மழையிலயா? புத்தி கெட்டவனுங்க! அலைப்பக்கம் போவாத, இன்னிக்கு அது இழுக்கும்."

அந்த 'இழுக்கும்' என்ற சொல்லைக் கேட்டதும் இன்னும் வேகமாக ஓடினேன். அவள் அலையைச் சொன்னாள். எனக்குத் தெரிந்த இழுப்பு வேறு.

கொடியைச் சுற்றிக்கொண்டு முதல் ஆள்கள் எதிரே வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு உருவமும் மழைக்குள்ளிருந்து வரும்போது நீதான் என்று நினைப்பேன். கிட்டே வந்தால் வேறு யாரோ. ஒருவரிடம் கேட்டேன். "பின்னால வராரும்மா" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு ஓடினார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. கரை வெறிச்சென்று கிடந்தது. தூரத்தில் அலை வந்து தொடுகிற இடத்தில் கறுப்பாக ஏதோ குவியல். அலை வந்தால் அசைந்தது, போனால் அடங்கியது. இவ்வளவு நாளாக எது நடந்துவிடும் என்று பயந்தேனோ, அது நடந்துவிட்டது என்றே நினைத்தேன். மணலில் உட்கார்ந்து, தவழ்ந்து, எப்படியோ பக்கத்தில் போனேன்.

அறுந்துபோன வலை மாமா. பாசியும் மணலும் சுருட்டிக்கொண்ட பழைய வலை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

அப்போதுதான் நீ வந்தாய். செருப்பில்லாத கால், முகமெல்லாம் மழை. கையில் சாவியோடு என்னைப் பார்த்ததும் உன் முகத்தில் வந்த திகைப்பு!

"இன்னாமே, ஊட்ட பூட்டலியா?"

சாவியை நீட்டினேன். நீ நிற்காமலேயே அதைப் பிடுங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடினாய். அன்றைக்கு நீ ஜெயிக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த எவர்சில்வர் டம்ளர்தான் உனக்கும். ஆனால் எனக்கு அப்பாடா என்றிருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

லாரி கிளம்பியது. தார்பாய்க்குக் கீழே எல்லாரும் ஈரத்தோடு நெருக்கி உட்கார்ந்திருந்தோம். சாவி திரும்ப என் இடுப்புக்கு வந்திருந்தது. கிண்டியைத் தாண்டியிருப்போம். என் காதோரம் குனிந்து, "கருகற வாசன வருதுமே" என்றாய்.

சுற்றிலும் உன் கூட வேலை செய்கிறவர்கள். டிரைவர் பக்கத்தில் சூப்பர்வைசர். கையில் சாவியைக் கொடுத்தால் பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒருவன் கையில் எதற்கு இரும்பைக் கொடுப்பார்கள் என்று நம் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். கொடுக்காவிட்டால் உன் உயிர், கொடுத்தால் உன் வேலை. யோசிக்கவெல்லாம் இல்லை. உன் தலையை மடியில் சாய்த்து முந்தானையால் மூடினேன். விரலைப் பிரித்துச் சாவியை வைத்தேன். உன் உடம்பு வெட்ட ஆரம்பித்தது. மூடிய முந்தானைக்கு வெளியே உன் கை மட்டும், சாவியோடு.

எதிரே உட்கார்ந்திருந்த பிட்டர் அண்ணாத்தே பார்த்துவிட்டார். சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் உயிர் போய்விட்டது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உன் கைமேல் போர்த்தினார். அப்படியே நகர்ந்து வந்து, உன்னை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா அண்ணாத்தே, மாப்ளைக்கு இப்டி உதறுது?" என்று ஒருவன் கேட்டான்.

"குளிருடா. இம்மாந் தூரம் ஓடிகினு வந்தா உதறாம? உன் பல்லு மட்டும் இன்னா, தாளம் போட்டுகினுதான கீது? அந்தப் பக்கம் திரும்பு, காத்து வருது."

அன்று எல்லாரும் நடுங்கினார்கள். அந்தக் குளிர்தான் உன்னைக் காப்பாற்றியது. அண்ணாத்தே அதைப்பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பொங்கல் முடிந்ததும் உன் மெஷினுக்குப் பக்கத்திலேயே வேலை கேட்டு வாங்கிக்கொண்டார் என்று மட்டும் நீ சொன்னாய். அவர் இருந்தவரை நான் சங்குக்காகக் காத்திருக்கவில்லை.

வேலை நிரந்தரமானபிறகு பெரியாஸ்பத்திரி, மாத்திரை என்று வந்து, அது எப்போதாவது எட்டிப் பார்ப்பதாகக் குறைந்தது. ஆனாலும் நான் சாவியை விடவில்லை. போன வருஷம் அதைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "அது வர்றப்போ எனக்கு இன்னாமே தெரியும்? கையில சாவி கீதா, கட்டை கீதா, ஒண்ணும் தெரியாது. அந்நேரம் உன் கைக்குத்தான் ஒரு வேல வேணும். அதுக்குத்தான் அந்தச் சாவி." எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை.

ஐப்பசியில் நீ போனபோது கருகல் வாசனை என்று எதுவும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் நின்றது. டாக்டர் வரட்டும் என்றார்கள். நான் உன் கையைப் பிரித்துச் சாவியை வைத்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறாமல் மூடிக்கொண்ட விரல்கள். அன்றைக்கு மூடவில்லை. சாவி கட்டில் பாயில் விழுந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பூட்டு எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டது. கதவும் மாற்றியாகிவிட்டது. சாவி மட்டும் என் இடுப்பில்தான் இருக்கிறது. இன்று மருமகள் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டும் கருகல் வாசனை போக நேரமானது. அதுவரை உன் கட்டிலில் உட்கார்ந்து, நானே அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் மாமா.