என் தங்கையின் மின்னஞ்சல்கள் ‘ஸ்பேம்’ பெட்டியில் தள்ளப்பட்டது குறித்து

அனுப்புநர்:
இரா. ராஜகோபால்,
ஜவுளிக் கடை, பஜார் தெரு,
செஞ்சி, விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
ஓலைவழி மின்னஞ்சல் நிறுவனம்,
சென்னை.

பொருள்: உடன்பிறந்தவளின் கடிதங்களைத் தங்கள் வடிகட்டி குப்பை என்று ஒதுக்கியது – எழுத்து மூலம் விளக்கம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் ஒரே தங்கை மதுமதி நாக்பூரில் வாழ்க்கைப்பட்டவள். தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்து குரல் போய்விட்டதால் போனில் பேச முடியாது. என்னிடம் இருப்பதோ பட்டன் போன். ஆகவே கடைக் கம்ப்யூட்டருக்கு மின்னஞ்சல் அனுப்புவாள். ஊரில் மழை உண்டா, அண்ணிக்கு முட்டிவலி தேவலையா என்று எல்லாம் அதில்தான் கேட்பாள்.

சென்ற ஆண்டு ஆடியில் அவள் கணவர் காலமானார். அந்தச் செய்தியையும் மின்னஞ்சலில்தான் எழுதினாள். சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். வீட்டில் வைக்க மாட்டோம். அதேபோல அந்த மின்னஞ்சலும் இருக்கக் கூடாது என்று ‘ஸ்பேம்’ பொத்தான் அழுத்தப்பட்டது. அழுத்தினால் அது வெளியே போய்விடும் என்ற எண்ணம்தான். அன்றே நாக்பூருக்கு ரயிலேறி, காரியம் முடியும் வரை கூடவே இருந்துவிட்டு வந்தோம்.

அதன் பிறகு அவளிடமிருந்து கடிதமே இல்லை. துக்கத்தில் இருக்கிறாள், மனம் ஆறட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். ஆனால் அவள் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பழைய நோய் திரும்பியதை எழுதியிருக்கிறாள் என்று அவள் மகள் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. செஞ்சிக்கே வந்து எங்களோடு இருந்துவிட ஆசை என்றும் எழுதியிருக்கிறாள். தங்கள் வடிகட்டி அத்தனையையும் ஒதுக்கி, ஒரு மாதம் ஆனதும் ஒவ்வொன்றாக அழித்தும் விட்டது.

தை மாதம் அவள் இறந்தாள். பிறந்த வீட்டுக் கோடி போடப் புடவையோடு போனேன். அவள் மகள் கலைமதி அதைப் போட விடவில்லை. “அம்மா எத்தினி மெயில் போட்டாங்க, ஒண்ணுக்காவது பதில் போட்டீங்களா மாமா? இப்ப புடவை இன்னாத்துக்கு?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். கோடியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். ஊருக்கெல்லாம் துணி விற்கிறவன் ஐயா நான்.

திரும்பி வந்து தேடியபோது அழியாமல் ஒன்று மட்டும் கிடைத்தது. “அண்ணா, கூட்டிம்போக முடியலன்னா பரவால்ல. படிச்சேன்னு மட்டும் ஒரு வரி போடு” என்று அதில் இருந்தது.

ஒரு கடிதம் வேண்டாம் என்றால் ஆளே வேண்டாம் என்று அர்த்தமா? தங்கள் இயந்திரம் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. பல வருடங்களாக நான் பதில் எழுதிவந்த முகவரி என்பதைக்கூட அது பார்க்கவில்லை. இது பிழை என்று புகார் செய்கிறேன்.

அழிந்தவற்றை மீட்க இயலுமானால் மீட்டுத் தாருங்கள். இயலாவிட்டால், கடிதங்கள் வந்தும் எனக்குக் காட்டப்படவில்லை என்று முத்திரையிட்டு எழுதித் தாருங்கள். கலைமதி என் போனை எடுப்பதில்லை. அதைத் தபாலில் அவளுக்கு அனுப்புவேன். தகப்பனும் தாயும் போன பெண்ணுக்குத் தாய்மாமன் நான் இருக்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். பொத்தானை அழுத்தியது என் மனைவி நீலாவதி. அதனால்தான் மற்ற கடிதங்களும் போயின என்பதைக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் இளவழகன் என்னிடம் மட்டும் சொன்னார், அவளுக்குத் தெரியாது. மதுமதிக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். கடைக்கு வரும் தபாலை அவள்தான் பிரித்துப் படிப்பாள். ஆகவே, பிழை முழுவதும் இயந்திரத்தினுடையது என்றே எழுதி அனுப்புமாறு தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: செஞ்சி
நாள்: 17.02.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
இரா. ராஜகோபால்